வேலாங்காட்டுப்பாளையம் தொகுதியின் அடிக்கல் வரலாறு

வேலாங்காட்டுப்பாளையம் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு வரலாறு எழுத வேண்டும் என்று முடிவானபோது, அந்தத் தொகுதிக்குள் வேலாங்காட்டுப்பாளையம் இல்லை என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாக எல்லைகளை மாற்றி வரைந்தபோது ஊர் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பெயருக்குக் கீழே மிச்சமிருந்தவை கோயமுத்தூரின் விளிம்பில் நாலாபுறமும் முளைத்த லேஅவுட்டுகள், மோட்டார் பம்ப் கம்பெனிகள், மூடிப்போன ஒரு நூற்பாலை, கார் நிறுத்த இடமில்லாத கல்யாண மண்டபங்கள், எல்லாவற்றையும் இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு ரயில் தண்டவாளம். இவ்வளவுக்கும் சேர்த்துப் பொன்விழா வந்துவிட்டது. பொன்விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் விளம்பரங்களுக்கு நடுவே போட ஏதாவது வேண்டும்.

பேராசிரியர் ஞானாபரணம் அப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்று அவர் சொல்லமாட்டார், ஆராய்ச்சி என்பார். வாழ்நாளெல்லாம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தியவர். அவர் பிளாசிப் போரின் உச்சத்துக்கு வருவதற்குள் மாணவர் படை பின்வாசல் வழியாகக் கேண்டீனுக்குப் பின்வாங்கியிருக்கும். ஓய்வுக்குப் பிறகு அவரிடம் வரலாறு பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரும் மின்மீட்டர் பார்க்க வந்தவர். பழைய ரீடிங்கைத்தான் கேட்டார்.

"வணக்கமுங்க. வரலாற்று அறிஞர் ஞானாபரணம் ஐயாங்களா?" என்று ஒருநாள் போனில் ஒரு குரல் கேட்டது. அறிஞர் என்ற சொல் காதில் விழுந்ததும் பேராசிரியர் தம்மை அறியாமல் எழுந்து நின்றுகொண்டார். பேசியது எம்.எல்.ஏ. பாலகோபாலின் உதவியாளர் மிதுன். எம்.எல்.ஏ. அவரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாராம்.

பேராசிரியரின் மனைவி ரூத் ஓய்வு பெற்ற நர்ஸ். ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்களை எல்லாம் ஓரமாக நிற்கச் சொல்லிப் பழகியவர்.

"போறதுதான் போறீங்க, அந்த மேம்பாலம் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க" என்றார்.

அவர்கள் குடியிருந்த பெத்தேல் நகருக்குச் சர்ச், சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவே ஒரு சப்வே. வெயில் காலத்தில் அது சப்வே. மழை பெய்தால் குட்டை. மேலே பாலம் கட்டுவதாகத் தொகுதி பிறந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ரூத்து, நான் வரலாறு எழுதப் போறேன். மனுக் குடுக்கப் போகல" என்றார் பேராசிரியர், சட்டைப் பையில் இரண்டாவது பேனாவைச் சொருகிக்கொண்டே.

"மனுக் குடுத்தவங்க எல்லாம் வரலாறாயிட்டாங்க. எழுதறவராச்சும் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் அவரை வைக்கவில்லை. எம்.எல்.ஏ. பாலகோபால் மனை விற்பனைத் தொழிலில் இருந்து அரசியலுக்கு வந்தவர். அலுவலகச் சுவரில் தொகுதி வரைபடம் மாட்டியிருந்தார். விற்றுப்போன இடங்களுக்குச் சிவப்பு அடித்திருந்தது. வாசல் வரை வந்து பேராசிரியரின் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். இளநீர் வந்தது.

"பாரபட்சமே இருக்கக் கூடாதுங்க சார். எல்லாக் கட்சியையும் நல்லவிதமா எழுதுங்க. நானே மூணு கட்சியில இருந்தவனுங்க. நீங்க எந்தக் கட்சிய அடிச்சாலும் ஒரு அடி என்ர மேல வந்து உழுகும்."

"குறைகளையும் எழுதலாமுங்களா?"

"தாராளமா எழுதுங்க. செத்துப்போனவங்களைப் பத்தி எழுதறப்ப யாரு என்ன சொல்லப்போறாங்க?"

நடுநிலைமைக்கு இப்படி ஒரு விளக்கத்தைப் பேராசிரியர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் இளநீர் நன்றாக இருந்தது.

மறுநாளே அவர் தொகுதியின் முதல் எம்.எல்.ஏ.வான சென்னிமலையைப் பார்க்கப் போனார். சென்னிமலை பம்ப் கம்பெனி முதலாளி. வயது முற்றியும் வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையவில்லை. முதல் தேர்தலைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓட்டை எண்ணிப் பாத்தா ரெண்டு பேருக்கும் சரிசமமா நின்னுபோச்சுங்க. மறுக்கா எண்ணுனாங்க. அப்பவும் அப்படியே. அப்பறம் பேரை எழுதிச் சொம்புல போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. என்ர பேரு வந்துச்சு. 'மக்கள் தீர்ப்பு வென்றது'ன்னு அன்னிக்கே போஸ்டர் ஒட்டிப்போட்டோம்."

"சட்டசபையில என்ன பேசுனீங்கையா?"

"ஒருக்கா எந்திரிச்சனுங்க. எனக்கு ஃபேன் காத்து வரல, எடம் மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். உடனே குடுத்தாங்க. நான் கேட்டு அரசாங்கம் இல்லைன்னு சொன்னதே கிடையாதுங்க." அவர் பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார். "முக்கியமானதை எழுதிக்குங்க. அந்த மேம்பாலத்துக்கு மொதல் அடிக்கல் நட்டவன் நாந்தான். வேற எவன் நட்டேன்னு சொன்னாலும் நம்பாதீங்க."

பேராசிரியர் அந்தக் கல்லைத் தேடிப் போனார். தண்டவாளத்து ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் அது நின்றிருந்தது. மேலே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. எப்போதோ ஒருத்தி வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றாளாம். அதிலிருந்து அது பாலத்தம்மன். செவ்வாய்க்கிழமை கூழ் ஊற்றினார்கள். செய்தியைக் கேட்ட சென்னிமலை, "கும்புடட்டும். அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லல. மஞ்சளை மட்டும் என்ர பேருக்குக் கீழ பூசச் சொல்லுங்க" என்றார்.

அடுத்து முன்னாள் எம்.எல்.ஏ. காளியாத்தாள். வேட்பாளர் உண்மையில் அவர் கணவர். மனுத்தாக்கலின்போது அவர் ஓர் இடத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டார், மனு தள்ளுபடியாகிவிட்டது. மாற்று வேட்பாளராகச் சும்மா ஒரு மனுப் போட்டிருந்த காளியாத்தாள் வேட்பாளராகி ஜெயித்தும்விட்டார்.

"கையெழுத்துப் போட மறந்துபோட்டமேன்னு அவருக்கு ரொம்ப வெசனமுங்க. அதனால நான் எம்.எல்.ஏ.வா இருந்த காலம் பூராவும் எனக்கும் சேர்த்து அவரே கையெழுத்துப் போட்டாரு" என்றார் அந்த அம்மாள் வெகு சாதாரணமாக.

"நீங்க அடிக்கல் நட்டீங்களாம்மா?"

"நட்டனுங்களே. அடுத்து வந்தவன் அதைப் புடுங்கி எறிஞ்சுபோட்டு அவனோடதை நட்டான். என்ர பேரு போட்ட கல்லு ரோட்டுல கெடக்கறதான்னு நாம்போயி எடுத்துட்டு வந்துட்டேன். வாங்க, காட்டறேன்."

கொல்லைப்புறத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அந்தப் பளிங்குக் கல் சாய்வாகக் கிடந்தது. 'மாண்புமிகு' என்பது மட்டும் சோப்பு நுரைக்கு அடியில் தெரிந்தது.

"துணி தொவைக்க இத்தனை வாட்டமா ஒரு கல்லு எங்க தேடுனாலும் கெடைக்காதுங்க. அரசாங்கத்துல நான் செஞ்ச வேலையில உருப்படியானது இது ஒண்ணுதான்."

காளியாத்தாளின் கல்லைப் பிடுங்கி எறிந்தவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய கல் ஒரு டீக்கடைக்குப் படியாக இருந்தது. நான்காவது கல் பாலகோபாலுடையதேதான். முந்தைய கட்சியில் இருந்தபோது நட்டது. அதில் இப்போது அவர் தினமும் திட்டிக்கொண்டிருக்கும் தலைவரின் பெயர் பெரிதாக இருந்ததால் அதன் மேல் நிரந்தரமாக ஒரு சாக்குப் போட்டு மூடியிருந்தது.

பேராசிரியருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை காலம் மற்றவர்கள் கண்டெடுத்த கல்வெட்டுகளைப் பற்றியே பாடம் நடத்தியவர். இப்போது தாமே கண்டெடுத்திருக்கிறார்! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு 'அடிக்கற்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை' என்று ஓர் அத்தியாயம் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்துப் பார்த்தபோது தம் குரலே தமக்குப் பிடித்திருந்தது.

பொன்விழாக் குழுக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த கட்சிகள் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. பேராசிரியர் எழுந்து அத்தியாயத்தைப் படித்தார். முடிவில், "பாண்டியருக்கு வேள்விக்குடிச் செப்பேடு, சோழருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு, நமக்கு இந்த நான்கு கற்கள். இவை நட்ட இடத்திலேயே, நட்டபடியே பாதுகாக்கப்பட வேண்டும். ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது!" என்றார். அப்படியொரு கைதட்டலை அவர் தம் சர்வீசில் கேட்டதில்லை. யாருமே எழுந்து கேண்டீனுக்குப் போகவும் இல்லை.

உடனே தீர்மானம் போட்டார்கள். நான்கு கற்களும் தொகுதியின் மரபுச் சின்னங்கள். காளியாத்தாள் வீட்டிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் கற்களை மீட்டு வந்து பழைய இடத்தில் நட்டார்கள். துணி துவைக்க எம்.எல்.ஏ. சொந்தச் செலவில் ஒரு வாஷிங் மிஷின் வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். "இதுல சத்தந்தான் வருது, அழுக்குப் போகமாட்டேங்குது" என்று காளியாத்தாள் சொன்னது மலரில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் பேராசிரியரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெயர் ஷ்ரவ்யா, பாலம் கட்டும் வேலையை எடுத்திருந்த கம்பெனியின் பொறியாளர். சுருட்டிய வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

"சார், இந்தத் தடவை நெசமாவே பாலம் வருதுங்க. அனுமதி வந்தாச்சு, பணம் வந்தாச்சு, மெஷின் வந்து நிக்குது. தூண் வர்ற எடத்துல எல்லாம் உங்க கல்லு இருக்குதுங்க. கேட்டா, நகர்த்தக் கூடாதுன்னு தீர்மானம்ங்கறாங்க. 'சாலை ஓரமா நகர்த்தி வெச்சுக்கலாம்'னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுங்க."

ஒரு வரி. பேராசிரியருக்குப் பேனா பையிலேயே இருந்தது, அதுவும் இரண்டு. உள்ளே அடுப்படியில் ரூத் பாத்திரம் உருட்டும் சத்தம்கூட நின்றிருந்தது. ஆனால் அந்த ஒரு வரி, தம் அத்தியாயத்தின் கடைசி வரியை அடித்துவிடும் என்பதை அவர் நினைத்துப் பார்த்தார். கைதட்டல் வந்தது அந்த வரிக்குத்தான்.

"அம்மணி, கல்வெட்டுங்கறது வெறும் கல்லில்லை. அது நிக்கிற எடந்தான் அதோட அர்த்தமே. இதைப் பத்தி அறிஞர்கள் என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தார். ஷ்ரவ்யா கேண்டீனுக்குப் போக வழியில்லாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

"வாரேனுங்க சார்" என்று அவள் சொன்னபோது ரூத் காப்பியோடு வந்தார். அவள் குடிக்கவில்லை. ரூத் அதைத் திரும்ப அடுப்படிக்கே எடுத்துப்போனார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரூத் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி சப்வேக்குள் இறங்கிக் கரையேறியதைப் பார்த்த டிரைவர் தாமும் இறக்கினார். நட்டநடுவில் இஞ்சின் நின்றுவிட்டது. பேராசிரியர் அந்த நேரம் வீட்டில் மலரின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். போனில் உறவினர் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பழுப்பு நிறத் தண்ணீர், பாதி மூழ்கிய பஸ், தீயணைப்பு வீரர் ஒருவரின் முதுகில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்மணி, அவர் கையில் உயர்த்திப் பிடித்த பைபிள் பை. பின்னணியில் யாரோ தவில் இசை சேர்த்திருந்தார்கள். 'நம்ம ரூத் ஆன்டி மாதிரியே இருக்காங்களே' என்று கீழே எழுதியிருந்தது.

ரூத் வந்ததும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். ரூத் அதை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"பக்கத்தூட்டு நிலோஃபர் கைக்கொழந்தையோட அதே பஸ்ல வந்தா. தண்ணி ஏற ஏறக் கொழந்தைய நாந்தான் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தேன். என்ர நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு." துண்டை உதறிக் கொடியில் போட்டார். "வெளிய தூக்கிட்டு வந்தப்ப மேல பாத்தேனுங்க. உங்க கல்லுக்குச் சுத்தீலும் கம்பி வேலி. நனையாம இருக்கத் தகரக் கூரை வேற போட்டிருக்காங்க."

பேராசிரியர் மறுநாள் காலையிலேயே எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனார். சென்னிமலையும் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனதை வாபஸ் வாங்கிக்கறேனுங்க. கல்லையெல்லாம் எடுத்துப்போட்டுப் பாலத்தைக் கட்டச் சொல்லுங்க" என்றார் பேராசிரியர். குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

பாலகோபால் வருத்தத்தோடு சிரித்தார். "வரலாற்றை எப்படிங்க சார் வாபஸ் வாங்கறது? அதுமேல கை வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. கம்பெனிக்காரங்க மெஷினை எடுத்துட்டுப் போயாச்சுங்க."

"சனங்க சாகக் கெடந்தாங்க!"

"தெரியுமுங்க. அம்மா வீடியோ பாத்தேன், நல்லா வந்திருந்துச்சு." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மனை வாங்க வந்தவருக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "சார், நீங்க படிச்சவங்க, வெளிப்படையாவே சொல்லிப்போடறேன். இந்தத் தொகுதியில ஜெயிச்ச அத்தனை பேரும் பாலங் கட்டறேன்னு சொல்லித்தான் ஜெயிச்சோம். தோத்தவங்க எல்லாம் கட்டலைன்னுதான் தோத்தாங்க. அதைக் கட்டிப்போட்டா அப்பறம் எதைச் சொல்லி ஓட்டுக் கேக்கறது? கட்டாத பாலம் இத்தனை கட்சியைத் தாங்குதுங்க. கட்டிப்போட்டா வெறும் லாரிதானே போகும்?"

"அவன் சொல்றது நாயந்தானுங்க" என்றார் சென்னிமலை. எதிர்க்கட்சியோடு அவர் ஒத்துப்போனது தொகுதி வரலாற்றில் அதுவே முதல் தடவை. அதையும் மலரில் சேர்க்கலாமா என்று பேராசிரியரின் மனது ஒரு கணம் யோசித்தது. உடனே வெட்கமாக இருந்தது.

"விழாவுல உங்களுக்கு மைக் உண்டுங்க. என்ன வேணாலும் பேசுங்க" என்று வழியனுப்பினார் பாலகோபால்.

அது போதும் என்று பேராசிரியர் முடிவு செய்தார். ஊரே கூடியிருக்கும், பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். ரூத்திடம் சொன்னார். "பேசுங்க. நான் முன்னாடியே உக்காந்துக்கறேன்" என்றார் ரூத். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

விழா, நான்கு கற்களையும் சுற்றி அமைத்த அடிக்கல் பூங்காவில் நடந்தது. ஆள் உயரத்துக்கு ஐந்தாவதாக ஒரு கல்லும் பட்டுத் துணி போர்த்தி நின்றிருந்தது. பேச்சுகள் நடந்தன. "மற்ற தொகுதிகளில் பாலம் இருக்கிறது, வரலாறு இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று கூட்டம் கத்தியது. நிலோஃபர் குழந்தையோடு ரூத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷ்ரவ்யாகூடக் கூட்டத்தின் ஓரமாக நின்றிருந்தாள்.

பேராசிரியரை அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன்" என்று தொடங்கினார். பாலகோபால் இடுப்பை அசைத்து உட்கார்ந்தார். ரூத் கையைக் கோத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மிதுன் பட்டுத் துணியை இழுத்துவிட்டான். பேச்சு முடிந்த பிறகு இழுக்க வேண்டியது, அவசரப்பட்டுவிட்டான். கருங்கல்லில் தங்க எழுத்துகள் பளபளத்தன. எம்.எல்.ஏ. பெயர், குழுவினர் பெயர்கள், அவற்றுக்குக் கீழே தனி வரியில்: 'வரலாற்று அறிஞர் பேராசிரியர் ஞானாபரனம்.'

பேராசிரியர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தவறு..." என்றார் மைக்கில். "மிகப் பெரிய தவறு நடந்திருக்கிறது. ஆபரணம் என்பதற்கு மூன்று சுழி ண! இங்கே இரண்டு சுழி ன போட்டிருக்கிறார்கள்!"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் உள்ள வேறுபாடு, நாவின் நுனி எங்கே படவேண்டும், ஒரு சுழி குறைந்தால் ஒரு மனிதனின் அடையாளமே எப்படிக் குலைந்துபோகிறது, கல்லில் பிழை வந்தால் வருங்காலம் எப்படி ஏமாந்துபோகும் என்றெல்லாம் பேசினார். வாழ்க்கையில் அவ்வளவு உணர்ச்சியோடு அவர் பேசியதே இல்லை. கண்கூடக் கலங்கிவிட்டது. நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. பாலகோபால் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, திருத்திய புதுக் கல் ஒன்று அடுத்த மாதமே இதே இடத்தில் இன்னொரு விழா எடுத்து நடப்படும் என்று அறிவித்தார்.

மேடையை விட்டு இறங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. ஷ்ரவ்யா போய்விட்டிருந்தாள். ரூத் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். பேராசிரியர் போய் எதிரே நின்றார்.

"பேசிப்போட்டீங்களா?"

"ம்."

"எதைப் பத்திப் பேசுனீங்க?"

"மூணு சுழியைப் பத்தி."

ரூத் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டும் அடங்காமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நிலோஃபர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தச் சிரிப்புக்கு, திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று பேராசிரியருக்குத் தோன்றியது.

"சரி, வாங்க" என்று எழுந்தார் ரூத். "அடுத்த மாசம் மறுக்கா மைக் குடுப்பாங்கல்ல? அப்பவாச்சும் பேசுங்க."

"நிச்சயமா பேசறேன். இந்தத் தடவை எழுதியே வெச்சுக்கறேன்" என்றார் அவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சப்வேக்குக் குறுக்கே கயிறு கட்டி மூடிவிட்டார்கள். ரயில்வே கேட் இருக்கும் அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வர ஓர் ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் பேராசிரியர் வெளியே பார்த்தபடி அடுத்த மாதப் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தபோது, புதுக் கல்தானே வெட்டப்போகிறார்கள், பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். என்று சேர்த்துப் போடச் சொன்னால் தப்பா என்று ஒரு யோசனை வந்தது. வீடு வந்து சேரும்வரை அவர் மூன்றாவது வாக்கியத்துக்குப் போகவில்லை.